உங்களுக்குத் தெரியுமா? படுகொலைக்குச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது!

1948 ஜனவரி 30, மாலை 5 மணி 17 நிமிடம். டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் மகாத்மா காந்தி சுடப்பட்டார். 5.45-க்கெல்லாம் துக்ளக் ரோடு காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. எழுதப்பட்டது உருதுவில். எண் 68. உலகமே அதிர்ந்த சாவு, அந்த நிலையத்துப் பதிவேட்டில் 67-க்கு அடுத்த எண். போட்ட பிரிவு? இந்திய தண்டனைச் சட்டம் 302. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டினவனுக்கும் அதே 302தான். செங்கோட்டையில் தனி நீதிமன்றம் கூடியது, நீதிபதி ஆத்மா சரண் விசாரித்தார், 1949 பிப்ரவரி 10-ஆம் தேதி தீர்ப்பு வந்தது, நவம்பர் 15-ஆம் தேதி அம்பாலா சிறையில் கோட்சேயும் ஆப்தேவும் தூக்கிலிடப்பட்டார்கள். ஆனால் ‘தேசத் தலைவரைக் கொன்றது’ என்று ஒரு குற்றம் அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

★

சினிமாக்காரர்கள் கவனிக்கவும்: 302 இப்போது கொலைக்கான பிரிவே அல்ல. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் கொலை எது என்று சொல்வது 101, தண்டனை 103. புதிய சட்டத்தில் 302 என்பது அடுத்தவர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதற்கான பிரிவு. “உன் மேல 302 போட்டு உள்ளே தள்ளிடுவேன்” என்று மீசையை முறுக்கும் இன்ஸ்பெக்டர் வசனத்தை இனி யாராவது திருத்தி எழுத வேண்டும்.

★

சட்டத்தில் இல்லையென்றால், கொலைக்கும் அரசியல் படுகொலைக்கும் வேறுபாடு எங்கேதான் இருக்கிறது? செத்தவர் யார், எதற்காகச் செத்தார் என்ற இரண்டு கேள்விகளில். கொல்லப்பட்டவர் ஒரு பதவியிலோ பொதுவாழ்விலோ இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் அவர் இருந்ததுதான் கொல்லப்படக் காரணமாகவும் இருந்திருக்க வேண்டும். அமைச்சரை அவருடைய மைத்துனர் சொத்துக்காகக் கொன்றால் அது கொலை. கூலிப்படை வைத்து ரியல் எஸ்டேட்காரரை நடுரோட்டில் வெட்டினாலும் கொலைதான். திட்டமும் ஆயுதமும் பணமும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. நம் பத்திரிகைகள் ஜாலியன்வாலா பாக்கையும் படுகொலை என்கின்றன, கென்னடி செத்ததையும் படுகொலை என்கின்றன, ஆனால் நீதிமன்றப் படியேறியதும் எல்லாமே ‘கொலை வழக்கு’ ஆகிவிடுகிறது. ஒருவகையில் அதுதான் சரி.

★

கொலை, படுகொலை இரண்டையும் செய்த ஒரே ஆள் வேண்டுமா? ஷேர் அலி அஃப்ரிதி. வடமேற்கு எல்லையைச் சேர்ந்த பட்டாணியர், பஞ்சாபில் பிரிட்டிஷாரின் குதிரைப்படைக் காவலில் வேலை பார்த்தவர். குடும்பப் பகையில் உறவினர் ஒருவரைப் பெஷாவரில் கொன்றார். தலைமுறை தலைமுறையாக வரும் பகை. அதைத் தீர்ப்பதை அவர் ஊரில் யாரும் குற்றமென்று நினைக்க மாட்டார்கள். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அந்தமானுக்கு அனுப்பினார்கள். நன்னடத்தைக் கைதி என்பதால் போர்ட் பிளேரில் முடிவெட்டும் வேலை கொடுத்தார்கள்.

1872 பிப்ரவரி 8. வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமான் குடியேற்றத்தைப் பார்வையிட வந்தார். மவுண்ட் ஹாரியட் உச்சிக்கு ஏறிப்போய்ச் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு, இருட்டும் நேரத்தில் ஹோப்டவுன் படகுத்துறைக்கு இறங்கினார். முன்னால் தீவட்டி பிடித்தவர்கள், சுற்றிலும் அதிகாரிகள், பாதுகாவலர்கள். படகில் ஏறுவதற்கு நாலெட்டு வைத்திருப்பார், இருட்டிலிருந்து பாய்ந்த ஷேர் அலி முதுகில் இரண்டு முறை கத்தியை இறக்கினார். வைஸ்ராய் தண்ணீரில் விழுந்தார். கப்பலுக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட வைஸ்ராய் அவர் ஒருவர்தான்.

மார்ச் 11-ஆம் தேதி வைப்பர் தீவில் ஷேர் அலியைத் தூக்கிலிட்டார்கள். இடையில் ஒரு மாதமும் மூன்று நாளும்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அன்றைய 303-ஆவது பிரிவின்படி, ஆயுள் தண்டனையில் இருக்கும் கைதி யாரைக் கொன்றாலும் தூக்கு ஒன்றுதான் தண்டனை. பக்கத்துப் பாயில் படுத்திருந்த கைதியை ஷேர் அலி குத்தியிருந்தாலும் அந்தப் பிரிவின் கணக்கில் முடிவு இதேதான். (தூக்கைத் தவிர வேறு வழியே விடாத அந்த 303-ஐ 1983-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது.)

★

குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மட்டும் தனிப் பாதுகாப்பு ஏதாவது? உண்டு. பழைய சட்டத்தில் 124, புதியதில் 151. அவர்களைத் தங்கள் அதிகாரத்தைச் செலுத்தவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு தாக்கினாலோ மிரட்டினாலோ ஏழாண்டு வரை சிறை. கொன்றுவிட்டால் வழக்கம்போல கொலைப் பிரிவுதான்.

★

1963 நவம்பர் 22-இல் அமெரிக்க அதிபரைக் கொல்வது அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி தனிக் குற்றமாகவே இல்லை! கென்னடியின் கொலை டெக்சாஸ் மாநிலத்து வழக்கு. டல்லாஸ் போலீஸின் வழக்கு.

இதனால் பார்க்லேண்ட் மருத்துவமனை நடைவழியில் ஒரு தள்ளுமுள்ளே நடந்தது. டல்லாஸ் மாவட்டத் தடயவியல் மருத்துவர் ஏர்ல் ரோஸ், சவப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். இங்கே ஒரு கொலை நடந்திருக்கிறது, பிரேதப் பரிசோதனை இங்கேதான் நடக்க வேண்டும், மாநிலச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் ரத்தக்கறை படிந்த உடையோடு அதிபரின் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, துப்பாக்கி வைத்திருக்கும் பாதுகாப்புப் பிரிவினரிடம் சட்டம் பேசி என்ன ஆகும்? அவரை ஒதுக்கிவிட்டுப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பரிசோதனை வாஷிங்டன் அருகே கடற்படை மருத்துவமனையில் நடந்தது. அந்தப் பரிசோதனையில் விழுந்த ஓட்டைகளைப் பற்றி இன்றுவரை புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ரோஸ் சொன்னபடி டல்லாஸிலேயே செய்திருந்தால் பாதிப் புத்தகங்கள் வந்திருக்காது என்பது என் கட்சி.

அதிபரைக் கொல்வதை மத்தியக் குற்றமாக்கும் சட்டம் 1965-இல் வந்தது. அதற்கு முன்பே லிங்கன், கார்ஃபீல்டு, மெக்கின்லி, கென்னடி என்று நாலு அதிபர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

★

ஜூலியஸ் சீசர் உடலில் 23 கத்திக்குத்துகள். அன்டிஸ்டியஸ் என்ற மருத்துவர் பார்த்துவிட்டு, அதில் உயிரைப் பறித்தது ஒன்றே ஒன்றுதான், மார்பில் விழுந்த இரண்டாவது குத்து என்று சொன்னதாக வரலாற்றாசிரியர் சூடோனியஸ் எழுதுகிறார். அப்படியென்றால் கொலைகாரன் ஒருவன்தானா? நம் ஊர்ச் சட்டம் அப்படி யாரையும் தப்பவிடாது. பொது எண்ணத்தோடு பலர் சேர்ந்து செய்தால் ஒவ்வொருவரும் தானே செய்ததுபோலத்தான். பழைய 34-ஆவது பிரிவு. கத்தியே இறக்காமல் வாசலில் காவல் நின்றவரும் உள்ளேதான்.

★

இந்தியாவில் ‘மனநிலை சரியில்லாதவர் செய்தது குற்றமாகாது’ என்ற பழைய 84-ஆவது பிரிவு இருக்கிறதே, அதன் மூலம் ஒரு பிசகிப்போன அரசியல் கொலை. 1843 ஜனவரியில் லண்டனில் டேனியல் மக்னாட்டன் என்பவர், தன்னை ஆளுங்கட்சிக்காரர்கள் துரத்துகிறார்கள் என்ற பிரமையில், பிரதமர் ராபர்ட் பீலைக் கொல்லப் போனார். சுட்டது பீலை அல்ல. அவருடைய அந்தரங்கச் செயலாளர் எட்வர்டு டிரம்மண்டை, ஆள் மாறிச் சுட்டுவிட்டார். நீதிமன்றம் மனநிலையைக் காரணம் காட்டி விடுதலை செய்தது. ஊரே கொதித்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு, எது பைத்தியம், எது இல்லை என்று விளக்கம் கேட்டது. அந்தப் பதில்கள்தான் ‘மக்னாட்டன் விதிகள்’. அவற்றை வைத்து எழுதியதுதான் நம் 84 (இப்போது 22).

செத்தவர் செயலாளர், குறி பிரதமர், காரணமோ கொன்றவரின் மனதுக்குள் மட்டும் இருந்த ஓர் அரசியல். இதைக் கொலை என்பதா, தவறிப்போன படுகொலை என்பதா? வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு மாதிரியும் எழுதுகின்றன.

★

இதே கதை முசாஃபர்பூரிலும். 1908 ஏப்ரல் 30 இரவு, குதிராம் போஸும் பிரஃபுல்ல சாக்கியும் கிங்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேய நீதிபதியின் கோச்சு வண்டி என்று நினைத்துக் குண்டு வீசினார்கள். அதே மாதிரி இருந்த வேறொரு வண்டி அது. வழக்கறிஞர் ஒருவரின் மனைவியும் மகளும் இறந்துபோனார்கள். சாக்கி பிடிபடும் நேரத்தில் தன்னைச் சுட்டுக்கொண்டார். 18 வயது குதிராம் ஆகஸ்ட் 11-ஆம் தேதி தூக்கு மேடை ஏறினார்.

குறி வைத்தது ஒருவரை, இறந்தது வேறொருவர் என்றால் கொலைக் குற்றம் இல்லாமல் போய்விடாது என்று பழைய 301-ஆவது பிரிவு சொல்கிறது. எண்ணம், குண்டோடு சேர்ந்தே பயணம் செய்கிறது என்று அதற்குப் பொருள். மக்கள் மனதில் குதிராம் தியாகி. சட்டப் புத்தகத்தில் அவர் சாகடிக்க நினைக்காத இரண்டு பெண்களைக் கொன்றவர். இரண்டும் உண்மைதான், ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கத் தேவையில்லை.

★

செத்தவரின் அந்தஸ்தைப் பார்த்துக் குற்றத்தின் பெயரையே மாற்றிய சட்டங்களும் இருந்தன. இங்கிலாந்தின் 1351-ஆம் ஆண்டு ராஜத்துரோகச் சட்டப்படி மன்னரின் சாவை மனதில் கற்பனை செய்வதே துரோகம். கொல்வது வரை போக வேண்டியதில்லை. அதே சட்டத்தில் ‘சின்னத் துரோகம்’ என்று ஒன்றும் இருந்தது. வேலைக்காரன் எஜமானனைக் கொன்றால், பாதிரியார் தன் மேலதிகாரியைக் கொன்றால், மனைவி கணவனைக் கொன்றால் அது வெறும் கொலை அல்ல, துரோகம். கணவன் மனைவியைக் கொன்றால்? வெறும் கொலை! கணவனைக் கொன்ற பெண்ணை எரிக்கும் தண்டனை 1790 வரை இருந்தது. சின்னத் துரோகம் என்ற குற்றமே 1828-இல்தான் ஒழிந்தது.

★

நம் சோழ நாட்டுக்கு வருவோம். காட்டுமன்னார்கோவில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இதில் வரும் ஒரு பெயர் தூக்கிவாரிப்போடும்: ரவிதாசன். பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற அரசுப் பட்டம் பெற்றவன். சோமன், பரமேசுவரன் என்று கூடவே இன்னும் சிலர். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று கல்வெட்டு இவர்களைச் சொல்கிறது. ஆனால் கொலைகாரர்கள் என்று அழைக்கவில்லை, துரோகிகள் என்கிறது.

தண்டனைதான் ஆச்சரியம். தலையை வெட்டியதாகவோ கழுவில் ஏற்றியதாகவோ அந்தக் கல்லில் ஒரு வரியும் இல்லை. அவர்களுடைய நிலங்கள், உடன்பிறந்தவர்களின் நிலங்கள், பிள்ளைகளின் நிலங்கள், பெண் கொடுத்தவர், பெண் எடுத்தவர் வரை உறவுக்காரர்களின் நிலங்கள் என்று பறிமுதல் நீண்டுகொண்டே போகிறது. கொலை நடந்து பத்தாண்டுக்கு மேல் ஆகி, நடுவில் உத்தம சோழன் ஆட்சி ஒன்று வந்துபோய், அதற்கப்புறம் வந்த உத்தரவு இது.

இதன் பக்கத்தில் வேறு சில சோழர் காலக் கல்வெட்டுகளை வைத்துப் பாருங்கள். வேட்டைக்குப் போன இடத்தில் அம்பு தவறிப் பட்டு ஒருவன் செத்தான். ஊர்ச் சபை கூடியது. எய்தவன் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்தது. செத்தவன் பேரில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய ஆடுகள் கொடுக்கச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஊரான் சாவில் கொன்றவன் மனதை எடைபோட்டார்கள். இளவரசன் சாவிலோ கொன்றவனின் சம்பந்தி வீட்டு நிலம் வரை தோண்டினார்கள்.

★

சம்பந்தி வீடு வரை போவது சோழர் வழக்கம் மட்டும் அல்ல. 1610-இல் பிரான்ஸ் மன்னர் 4-ஆம் ஹென்றியைக் குத்திக்கொன்ற ராவய்யாக்கை நாலு குதிரை கட்டி இழுத்துக் கொன்றபின், அவன் பிறந்த வீட்டை இடித்தார்கள், பெற்றோரை நாடு கடத்தினார்கள், அந்தக் குடும்பப் பெயரை உறவினர் யாரும் இனி வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள்.

★

பிரிட்டனில் கொல்லப்பட்ட ஒரே பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல். 1812 மே 11-ஆம் தேதி நாடாளுமன்ற முன்கூடத்தில் சுடப்பட்டார். சுட்ட ஜான் பெல்லிங்ஹாம் ஓடவில்லை. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வியாபாரி. ரஷ்யச் சிறையில் வாடியபோது அரசாங்கம் கைகொடுக்கவில்லை, நஷ்டஈடும் தரவில்லை என்பது கோபம். பெர்சிவல் மேல் தனக்குத் தனிப்பட்ட பகை இல்லை, அன்றைக்கு ரஷ்யாவில் இருந்த தூதர் கிடைத்திருந்தால் அவரையே சுட்டிருப்பேன் என்றும் கோர்ட்டில் சொன்னார். மே 18-இல் தூக்கு. சுட்டதிலிருந்து கயிறு வரை சரியாக ஒரே வாரம்! நஷ்டஈடு கிடைக்காத மனுதாரர் செய்த கொலையை அரசியல் படுகொலை என்று புத்தகங்களில் ஏற்றியது செத்தவரின் பதவி ஒன்றுதான்.

★

“டாக்டர்கள்தான் கொன்றார்கள், நான் சுட மட்டும்தான் செய்தேன்” என்பது அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட சார்லஸ் கிட்டோவின் வாதம். முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. 1881 ஜூலை 2-இல் சுடப்பட்ட கார்ஃபீல்டு செப்டம்பர் 19 வரை உயிரோடு இருந்தார். கழுவாத விரலைக் காயத்துக்குள் விட்டுத் துழாவியே சீழ் பிடிக்க வைத்தார்கள் வைத்தியர்கள். தொலைபேசி கண்ட கிரஹாம் பெல்லே ஒரு கருவியோடு வந்து குண்டைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆனாலும் கிட்டோவுக்கு 1882 ஜூன் 30-இல் தூக்கு. நம் சட்டத்திலும் இந்த வாதம் எடுபடாது: நல்ல சிகிச்சை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாலும், காயம் உண்டாக்கியவரே சாவையும் உண்டாக்கியவர் என்று பழைய 299-இன் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது.

★

போரில் எதிரித் தலைவரைக் கொல்வது? சிப்பாய் சிப்பாயைச் சுட்டால் கொலை இல்லை. ஆனால் எதிரியின் தலைக்கு விலை வைப்பதையும் வஞ்சகமாக ஆள் வைத்துக் கொல்வதையும் நாகரிக நாடுகள் ஏற்காது என்று எழுத்தில் தடை செய்த ஆரம்ப கால ஆவணம் ‘லீபர் விதிகள்’. 148-ஆவது விதி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 ஏப்ரலில் அதை வெளியிட்டது லிங்கனின் அரசு. இரண்டு வருடம் முடிவதற்குள் லிங்கனே அப்படிக் கொல்லப்பட்டார். அந்தச் சதிகாரர்களைச் சாதாரண ஜூரி நீதிமன்றத்தில் நிறுத்தவில்லை. முப்படைத் தலைவரைப் போர்க்காலத்தில் கொன்றார்கள் என்று ராணுவ ஆணையம் விசாரித்தது. 1865 ஜூலை 7-இல் நாலு பேருக்குத் தூக்கு. அதில் ஒருவர் மேரி சரட், அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண்.

★

இனி பக்கத்து நாடு. இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள்.

1959 செப்டம்பர் 25 காலை, கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தன் வீட்டு வராந்தாவில் பார்வையாளர்களைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் தல்துவே சோமாராம தேரர். புத்த பிக்கு, ஆயுர்வேதக் கண் மருத்துவர். பிரதமர் பிக்குவுக்கு வணக்கம் சொல்லக் குனிந்தார். சோமாராம சீவரத்துக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். மறுநாள் பிரதமர் இறந்துபோனார். தன்னைச் சுட்டவன் மேல் பழிவாங்க வேண்டாம், இரக்கம் காட்டுங்கள் என்று மருத்துவமனையிலிருந்து நாட்டுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

பின்னால் இருந்தது களனி விகாரையின் தலைமைப் பிக்கு மாபிட்டிகம புத்தரக்கித்த என்று விசாரணையில் வந்தது. 1956 தேர்தலில் பண்டாரநாயக்கவை ஜெயிக்க வைக்க ஓடியாடி உழைத்தவர் அவர். பிறகு ஏன் பகை? மொழிக் கொள்கை, தமிழரோடு ஒப்பந்தம் என்று அரசியல் காரணங்கள் பலவற்றை எடுத்து வைத்தாலும், கப்பல் கம்பெனி, சர்க்கரை ஆலை என்று அவர் கேட்ட வியாபாரங்கள் கிடைக்காத கசப்புதான் வழக்கில் முன்னால் நின்றது. பிரதமரைப் பிரதமராக இருந்ததற்காகக் கொன்றதா, கான்ட்ராக்ட் தராததற்காகக் கொன்றதா? இலங்கையின் மிகப் பெரிய அரசியல் படுகொலையின் நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு வியாபாரக் கணக்கு.

சட்டத்தின் பங்குக்கு இன்னொரு திருப்பம். மரண தண்டனையை நிறுத்தி வைத்தது பண்டாரநாயக்க அரசேதான். அவர் செத்ததும் அதை அவசரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே நடந்த கொலைக்கும் செல்லும் என்று முன்தேதியிட்டும் எழுதினார்கள். மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் புதிய சட்டத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்தார்கள். முன்தேதியிட்ட வாசகம் ‘கொலை’யை மட்டும்தான் பிடித்தது; ‘கொலை செய்யச் சதி’யைப் பிடிக்கவில்லை. விளைவு, திட்டம் போட்ட புத்தரக்கித்தவுக்கும் கூட்டாளி ஜயவர்தனவுக்கும் ஆயுள் தண்டனை. சுட்ட சோமாராமவுக்கு மட்டும் 1962 ஜூலை 6-இல் தூக்கு. சட்டம் எழுதினவர்கள் அவசரத்தில் ஒரு சொற்றொடரை விட்டுவிட்டார்கள். அதில் இரண்டு கழுத்துகள் தப்பின.

★

அரசியல் குற்றவாளி வேறு நாட்டுக்கு ஓடிவந்தால் திருப்பி அனுப்ப மாட்டோம் என்பது 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் கௌரவம். 1854-இல் பிரெஞ்சுப் பேரரசர் 3-ஆம் நெப்போலியன் போகும் ரயில் பாதையில் வெடி வைக்க முயன்றவர்கள் பெல்ஜியத்தில் தஞ்சமடைந்தபோது அந்தக் கௌரவம் தொல்லையானது. சின்ன நாடு, பக்கத்தில் பெரிய அண்ணன். 1856-இல் பெல்ஜியம் சட்டத்தைத் திருத்தியது: நாட்டுத் தலைவரையோ அவர் குடும்பத்தாரையோ கொல்வது அரசியல் குற்றம் ஆகாது, அது வெறும் கொலை. உலகின் பல ஒப்பந்தங்கள் பிற்பாடு இந்த வாசகத்தைக் கடன் வாங்கிக்கொண்டன. படுகொலையைக் கொலையாகச் ‘சிறுமைப்படுத்தியது’ மன்னர்களைக் காப்பாற்றத்தான்!

★

முதல் உலகப் போரைத் தொடங்கி வைத்த கவ்ரிலோ பிரின்சிப் தூக்கிலிடப்படவில்லை. 1914 ஜூன் 28-இல் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டபோது அவருக்கு வயது 19. ஆஸ்திரிய-ஹங்கேரியச் சட்டத்தில் 20 வயதுக்குக் கீழே தூக்கு கிடையாது. 20 ஆண்டு சிறை; 1918 ஏப்ரலில் காசநோயால் சிறையிலேயே இறந்தார். இளவரசரின் மனைவி சோஃபியைக் கொல்லத் தான் நினைக்கவே இல்லை, ஆளுநரைத்தான் குறிவைத்தேன் என்று கடைசி வரை சொன்னார்.

★

கொலையாளியே இல்லாத கொலை வழக்கு ஒன்று மதராஸ் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 1911 ஜூன் 17 காலை, மணியாச்சி சந்திப்பு. கொடைக்கானலுக்குப் போக மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார்; ஓடிப்போய் ஸ்டேஷன் கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். சுட்டவர் செத்தாயிற்று, யாரைத் தூக்கில் போடுவது? நீலகண்ட பிரம்மச்சாரி உட்பட 14 பேரைக் கூண்டில் ஏற்றி, மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரித்தது. வழக்கின் கனம் கொலையிலிருந்து ராஜாங்கத்துக்கு எதிரான சதிக்கு நகர்ந்தது. 1912-இல் நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை. ஒரு தூக்குக்கூட இல்லை.

★

அரசியல் கொலையைப் பயங்கரவாதச் சட்டத்துக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28-இல் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11-இல் உச்ச நீதிமன்றம் தடாவின் பயங்கரவாதக் குற்றச்சாட்டையே நீக்கிவிட்டது. மக்களை நடுங்க வைக்கவோ அரசை மிரட்டிப் பணியவைக்கவோ செய்ததாக நிரூபிக்கப்படவில்லை. குறி ஒரு தனி மனிதர் என்றது. மிஞ்சியது 302-உம் சதிக்கான 120பி-யும். 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். ஆனால் தடாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்களை மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டார்கள். தடா குற்றம் இல்லை, தடா சாட்சியம் உண்டு! இந்த முரண்பாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்று அவரோடு மாண்ட காவலர்களும் கட்சிக்காரர்களும் யாருடைய குறியிலும் இல்லை. சட்டத்தின் முன் அவர்கள் ஒவ்வொருவரின் சாவும் அதே எடையுள்ள கொலை. பெயரெல்லாம் நமக்கு நினைவில் இல்லை.

★

1981 மார்ச் 30-இல் அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்ளிக்கு அரசியலே இல்லை. ஜோடி ஃபாஸ்டர் என்ற நடிகை தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. மனநிலை காரணமாகக் குற்றமற்றவர் என்று 1982-இல் தீர்ப்பு. அந்தத் துப்பாக்கிச்சூட்டில் தலையில் காயம்பட்ட ஜேம்ஸ் பிராடி 2014 ஆகஸ்டில் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர், 33 வருடத்துக்கு முந்தைய குண்டே காரணம், இது கொலை என்று எழுதினார். வழக்கு மட்டும் போடவில்லை. சுடப்பட்ட அதே 1981 டிசம்பரில் ரீகன் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார்: அமெரிக்க அரசுக்காக வேலை செய்யும் யாரும் அரசியல் படுகொலையில் ஈடுபடக் கூடாது. படுகொலை என்றால் என்ன என்ற விளக்கம் அந்த ஆணையில் இல்லை. பின்னால் வந்த ட்ரோன் காலத்துக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

★

‘ஏன் கொன்றாய்’ என்பது நம் கொலைச் சட்டத்துக்குப் பெரும்பாலும் தேவையில்லாத கேள்வி. கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதே முக்கியம். காரணம் சாட்சியத்துக்கு உதவும், அவ்வளவுதான். 2024-இல் வந்த 103(2) இதில் ஒரு புதுக் கதவு. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து இனம், சாதி, பாலினம், பிறந்த இடம், மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணத்துக்காகக் கொன்றால் அது தனி வகை. தண்டனை அதே தூக்கு அல்லது ஆயுள். தனிப்பட்ட நம்பிக்கை என்பதில் கட்சிக் கொள்கை அடங்குமா? வக்கீல்களுக்கு நல்ல வேலை இருக்கிறது.

★

கடைசியாக ஸ்வீடன். 1986 பிப்ரவரி 28 இரவு, பிரதமர் ஓலோஃப் பால்மே மனைவியோடு சினிமா பார்த்துவிட்டுக் காவலர் யாருமில்லாமல் ஸ்டாக்ஹோம் தெருவில் நடந்து போகையில் பின்னாலிருந்து சுடப்பட்டார். 1989-இல் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது; அதே வருடம் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். கொலை வழக்குக்கு அந்நாட்டில் 25 வருடக் காலவரம்பு இருந்தது. 2011-இல் முடிய வேண்டியது. 2010-இல் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2020 ஜூனில், சந்தேகப்படும் ஆள் உயிரோடு இல்லை என்று விசாரணையை மூடினார்கள்.

காரணம் மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்க உளவுத்துறை, குர்து இயக்கம், வலதுசாரிப் போலீஸ்காரர்கள் என்று ஆளுக்கொரு கோணம். அவற்றில் ஒன்று, அந்தப் பக்கம் நடமாடிய போதைமருந்து வியாபாரி ஒருவர் என்று நினைத்து, ஆள் மாறிச் சுட்டிருக்கலாம் என்பது. அது மட்டும் உண்மையாக இருந்தால், 34 வருடம் ஒரு நாடு தேடியது பிரதமரின் படுகொலைக்காரனை அல்ல. கடன் பாக்கிக்கோ தொழில் போட்டிக்கோ வேறொருவரைக் கொல்லப் போய்க் குறி தவறிய ஒருவனை.